கெட்டிப்பட மறுக்கும் வாயு

பாறைக்குள் மிச்சமிருக்கும் எண்ணெயைத் தள்ளி வெளியேற்றக் கரியமில வாயு கெட்டிக்கார ஆள். ஆனால் ரொம்பவும் நீர்த்த ஆள். அதைக் கெட்டியாக்கும் பொருளைத் தேடி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. விடை கிடைத்தது, பயன்படுத்தத்தான் வழியில்லை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மெக்கெல்மோ டோம் என்ற இடத்தில் பூமிக்கடியில் கரியமில வாயு இயற்கையாகவே தேங்கிக் கிடக்கிறது. அதை எடுத்து 800 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் வழியே மேற்கு டெக்சாஸுக்கு அனுப்புகிறார்கள். அங்கே எண்ணெய் வயல்களில், ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்கு அதை இறக்குகிறார்கள். பாறைத் துளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெயைக் கழுவி, பக்கத்துக் கிணறு வரை தள்ளிக்கொண்டு வருவது அதற்கு இடப்பட்ட வேலை.

இத்தனை தூரம் அழைத்து வரப்பட்ட வாயு, எண்ணெயில் ஒரு பகுதியைத்தான் கொண்டுவருகிறது. மீதியை ஓரங்கட்டிவிட்டு, கிடைத்த குறுக்கு வழியில் நுழைந்து தான் மட்டும் பக்கத்துக் கிணற்றில் தலைகாட்டிவிடுகிறது. அதைப் பிரித்தெடுத்து, மறுபடி அழுத்தி, மறுபடி உள்ளே அனுப்ப வேண்டும். நீண்ட காலம் நடக்கும் வயல்களில், இறக்கப்படும் வாயுவில் பெரும்பகுதி இப்படித் திரும்பி வந்ததுதான். அழுத்தும் இயந்திரங்களுக்கு ஆகும் மின்சாரச் செலவு தனி.

காரணம் ஒன்றே ஒன்று: கரியமில வாயு கெட்டியாக இல்லை. அதில் ஏதாவது ஒரு பொருளைச் சிறிதளவு கரைத்துப் பாகுபோல ஆக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ரசத்தைக் குழம்பாக்குகிற மாதிரிதான் என்று தோன்றும். ஆனால் வேதியியல் வல்லுநர்களை 1980களிலிருந்து அலைக்கழித்துவரும் விஷயம் இது. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் இந்தியாவும், தன் பழைய எண்ணெய் வயல்களில் கரியமில வாயுவை இறக்கத் திட்டமிட்டிருப்பதால், இந்த அலைச்சலில் நமக்கும் பங்கிருக்கிறது.

விரல் நீட்டும் வாயு

ஒரு எண்ணெய் வயல் முதலில் தன் சொந்த அழுத்தத்தால் எண்ணெயைத் தரும். அழுத்தம் குறைந்ததும் தண்ணீரை இறக்கித் தள்ளுவார்கள். இரண்டு கட்டமும் முடியும்போது வெளியே வந்திருப்பது, பொதுவாக, பாறையில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் அங்கேயே கிடக்கும். தண்ணீரும் எண்ணெயும் கலக்காதவை. தண்ணீர் எவ்வளவு ஓடினாலும் துளைகளுக்குள் சொட்டுச் சொட்டாகச் சிக்கிய எண்ணெய் அசைவதில்லை.

கரியமில வாயுவின் பெருமை இங்கேதான். 31 டிகிரி வெப்பத்துக்கும், வளிமண்டல அழுத்தத்தைப் போல 73 மடங்குக்கும் மேலே போய்விட்டால் அது வாயுவும் இல்லை, திரவமும் இல்லை. திரவத்தைப் போல அடர்த்தி; வாயுவைப் போல ஓட்டம். எண்ணெய் வயலின் ஆழத்தில் இந்த நிலையில்தான் இருக்கும். போதிய அழுத்தம் இருந்தால் எண்ணெயோடு ஒன்றாகக் கலந்துவிடும். எண்ணெய் ஊதிப் பெருக்கும், இளகும், துளையை விட்டுக் கிளம்பும். டெக்சாஸின் ஸ்கர்ரி மாவட்டத்தில் 1948ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பெரிய வயலில், 1972 ஜனவரியில், வணிக அளவில் இந்த வேலை தொடங்கியது. பெர்மியன் படுகை என்று அழைக்கப்படும் அந்தப் பகுதிதான் இன்றும் இந்த முறைக்குத் தலைநகரம்.

சிக்கல், ஓட்டத்தில் இருக்கிறது. பாறைக்குள் இருக்கும் நிலையில் கரியமில வாயுவின் பாகுத்தன்மை, சாதாரணத் தண்ணீரின் பாகுத்தன்மையில் பத்தில் ஒரு பங்கு, சில இடங்களில் இருபதில் ஒரு பங்கு. அது தள்ள வேண்டிய எண்ணெயோ தண்ணீரைவிடக் கெட்டி. நீர்த்த ஒன்று கெட்டியான ஒன்றைத் தள்ளினால் என்ன ஆகும் என்பதை 1958ல் பிலிப் சாஃப்மன், ஜி.ஐ. டெய்லர் என்ற இரு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்துக் காட்டினார்கள். இரண்டுக்கும் இடையிலான எல்லை நேர்க்கோடாக நகர்வதில்லை. அங்கங்கே விரல்போல நீண்டு, நீண்ட விரல் இன்னும் வேகமாக நீள்கிறது. விரல்களுக்கு நடுவே இருப்பது அப்படியே நின்றுவிடுகிறது. வரப்பில் விழுந்த ஒரு சிறு உடைப்பு வழியே வயலின் தண்ணீரெல்லாம் ஓடிவிடுவது போலத்தான் இதுவும். போதாக்குறைக்கு, கரியமில வாயு எண்ணெயைவிட இலேசாக இருக்கும் இடங்களில் அது பாறையின் மேல்பகுதிக்கு ஏறிக்கொண்டுவிடும். அடியில் இருக்கும் எண்ணெய் அதன் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

எண்ணெய்ப் பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் வாயு, கொஞ்சம் தண்ணீர் என்று மாற்றி மாற்றி இறக்கும் முறை உலகெங்கும் பழக்கத்தில் இருக்கிறது. ஓட்டம் கட்டுப்படுகிறது, ஆனால் இறக்கிய தண்ணீரே எண்ணெயைச் சூழ்ந்துகொண்டு வாயுவை அண்டவிடாமல் தடுப்பதும் உண்டு. சோப்பு போன்ற பொருளைச் சேர்த்து வாயுவை நுரையாக்கும் முறையும் பல வயல்களில் சோதிக்கப்பட்டது. நுரையின் பலவீனம், எண்ணெயைக் கண்டால் உடைவது. ஒரு வயலில் பலன் தந்தது அடுத்த வயலில் கைவிட்டது. வாயுவையே கெட்டியாக்கிவிட்டால் இந்தச் சுற்றுவழியெல்லாம் எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

தண்ணீருக்கு எளிது

தண்ணீரைக் கெட்டியாக்குவது எளிது. ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் உள்ள மங்களா எண்ணெய் வயலே அதற்குச் சாட்சி. அங்கே 2010களின் நடுவிலிருந்து பாலி அக்ரிலமைட் வகைப் பாலிமர் கரைத்த தண்ணீரைப் பெரிய அளவில் இறக்கி எண்ணெய் எடுக்கிறார்கள். ஆயிரத்தில் ஓரிரு பங்கு பாலிமர் போதும். தண்ணீர் பல மடங்கு கெட்டியாகிவிடும். நீண்ட சங்கிலி போன்ற பாலிமர் மூலக்கூறு தண்ணீருக்குள் விரிந்து பரவி, ஓட்டத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறது.

இதே தந்திரம் கரியமில வாயுவிடம் செல்லாது. காரணம் அதன் மூலக்கூறு. நடுவே கார்பன், இருபக்கமும் ஒவ்வொரு ஆக்சிஜன், நேர்க்கோட்டில் சமமாக. தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு முனையில் நேர்மின் சாயலும் மறுமுனையில் எதிர்மின் சாயலும் உண்டு. அதைக் கொண்டு மற்ற மூலக்கூறுகளைப் பற்றி இழுத்துக் கரைத்துக்கொள்ளும். கரியமில வாயுவுக்கு அப்படிப்பட்ட பிடி இல்லை. பெட்ரோலில் இருக்கும் நீண்ட ஹைட்ரோகார்பன்களுக்கு உள்ள ஒட்டுதலும் இல்லை. சிறிய, இலேசான மூலக்கூறுகளை அது கரைக்கும். பெரிய பாலிமரை அதனிடம் கொடுத்தால் கண்டுகொள்ளாது.

1980களில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சொகோரோ நகரில் உள்ள சுரங்க, தொழில்நுட்பக் கல்லூரியில் ஜான் ஹெல்லரின் குழு இதில் முதலில் முறையாக இறங்கியது. சந்தையில் கிடைத்த பாலிமர்களை டஜன் கணக்கில் எடுத்து, உயர் அழுத்தத்தில் கரியமில வாயுவோடு கலக்கிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை கரையவே இல்லை. கரைந்தவையும் சிறிய மூலக்கூறுகள். அவற்றால் வாயு குறிப்பிடும்படி கெட்டியாகவில்லை.

மற்ற திரவங்களைக் கெட்டியாக்கிப் பேர்பெற்ற பொருள்களும் வரிசையாகத் தேர்வெழுதின. பெட்ரோலைக் கூழாக்கி நேபாம் குண்டு செய்ய உதவியவை அலுமினிய சோப்புகள். அவை கரியமில வாயுவில் கரையவில்லை. ட்ரைபியூட்டைல்டின் ஃப்ளோரைடு என்ற வெள்ளீயக் கூட்டுப்பொருள் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் கரைந்தே திரவ புரொப்பேனைப் பாகாக்கும். கரியமில வாயுவில் அதைக் கரைக்கப் பெருமளவு பென்டேனையும் சேர்க்க வேண்டியிருந்தது. ஆமணக்கு எண்ணெயிலிருந்து கிடைக்கும் 12 ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலத்துக்கும் வாய்ப்பு கிடைத்தது. உலகிலேயே மிக அதிகம் ஆமணக்கு விளைவிக்கும் நாடான இந்தியாவுக்கு இது இனிப்பான செய்தியாக இருந்திருக்கும். கிரீஸ் தயாரிக்கப் பயன்படும் இந்த அமிலம் கரியமில வாயுவில் கரைய எத்தனாலின் தயவு தேவைப்பட்டது. கரைந்த பிறகும் சீரான பாகாகாமல் நார் நாராக உறைந்தது. உறைந்துபோனது பாறைத் துளைக்குள் எப்படி ஓடும்?

ஷெவ்ரான் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 1990ல் சிலிக்கோன் பாலிமரைக் கொண்டு வெற்றி கண்டார்கள். நூறு பங்கு கலவையில் 4 பங்கு சிலிக்கோன், 20 பங்கு டொலுவீன். பாகுத்தன்மை ஏறக்குறைய 30 மடங்கு உயர்ந்தது. ஆனால் ஒவ்வொரு டன் கலவைக்கும் 200 கிலோ டொலுவீனைப் பாறைக்குள் கொட்ட எந்தக் கம்பெனியின் கணக்குப் பிள்ளை சம்மதிப்பார்?

எதிரெதிர் நிபந்தனைகள்

இந்தத் தோல்விகளுக்கு அடியில் ஒரே முரண்பாடுதான் இருந்தது. ஒரு பொருள் கரியமில வாயுவில் கரைய வேண்டுமென்றால், அதன் மூலக்கூறுகளுக்குத் தங்களுக்குள் ஒட்டுதல் குறைவாக இருக்க வேண்டும். ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பவற்றைப் பிரித்தெடுக்கும் வலிமை இந்த வாயுவுக்கு இல்லை. அதே பொருள் வாயுவைக் கெட்டியாக்க வேண்டுமென்றால், கரைந்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலை பின்ன வேண்டும். பிடிக்கவும் கூடாது, பிடிக்கவும் வேண்டும்.

ஆகவே, கிடைக்கும் பொருளைத் தேடுவதை விட்டுவிட்டு, வேண்டிய மூலக்கூறைத் தாங்களே கட்டி எழுப்ப முனைந்தார்கள். முதல் சாவியைக் கொடுத்தது வட கரோலினா பல்கலைக்கழகம். அங்கே ஜோசப் டிசைமோனின் குழு 1992ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, ஃப்ளோரின் நிறைந்த அக்ரிலேட் பாலிமர்கள் கரியமில வாயுவில் தாராளமாகக் கரைவதைக் காட்டியது. ஃப்ளோரின் அணுக்கள் போர்த்திய சங்கிலிகளுக்குத் தங்களுக்குள் ஒட்டுதல் மிகக் குறைவு. சமையலறையின் ஒட்டாத தோசைக்கல்லில் தோசையை எழும்ப விடுவதும் ஃப்ளோரினின் இதே குணம்தான்.

கரைவதற்கு வழி கிடைத்தது. பிடிப்புக்கு வழி சொன்னவர்கள் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எனிக், எரிக் பெக்மன் குழுவினர். ஃப்ளோரோஅக்ரிலேட் சங்கிலியில் இடையிடையே ஸ்டைரீனைக் கோத்தார்கள். தெர்மகோல் செய்யப் பயன்படும் அதே ஸ்டைரீன். அதன் ஒவ்வொரு அலகிலும் தட்டையான ஒரு பென்சீன் வளையம் இருக்கிறது. ஒரு சங்கிலியின் வளையம் பக்கத்துச் சங்கிலியின் வளையத்தோடு, அடுக்கிய தட்டுகளைப் போல, மெல்ல ஒட்டிக்கொள்ளும். ஃப்ளோரின் பகுதி கரையும் வேலையையும், வளையங்கள் பிடித்துக்கொள்ளும் வேலையையும் பங்கிட்டுக்கொண்டன.

எல்லாம் அளவில் இருந்தது. வளையங்கள் குறைந்தால் பிடிப்பு போதவில்லை. கூடினால் சங்கிலி தனக்குள்ளேயே சுருண்டு, கரையாமல் அடியில் தங்கியது. 71 பங்கு ஃப்ளோரோஅக்ரிலேட், 29 பங்கு ஸ்டைரீன் என்ற விகிதத்தில் பதம் சரியாக வந்தது. 2000ல் வெளியான முடிவுகளின்படி, இந்தப் பாலிமரை 1 முதல் 5 சதவீதம் வரை கரைத்தபோது கரியமில வாயு சில மடங்கிலிருந்து சில நூறு மடங்கு வரை கெட்டியானது. டொலுவீன், எத்தனால் எதுவும் தேவைப்படவில்லை.

சோதனை நடக்கும் விதமும் கேட்கத் தக்கது. கண்ணாடிச் சுவருள்ள உயர் அழுத்தக் கலனில் பாலிமரையும் திரவ நிலைக் கரியமில வாயுவையும் வைத்து அழுத்தத்தை ஏற்றிக் கலக்குவார்கள். முழுதும் கரைந்தால் கலன் தெளிந்துவிடும். பிறகு அழுத்தத்தை மெதுவாகக் குறைப்பார்கள். ஒரு கட்டத்தில் உள்ளே மேகம் படர்ந்ததுபோல மங்கும். கரைந்தது பிரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த அழுத்தம் எண்ணெய் வயலில் உள்ள அழுத்தத்தைவிடக் குறைவாக இருந்தால்தான் பொருள் தேறும். கெட்டித்தன்மையை அளக்க உள்ளே ஒரு சிறு உருளையை விழவிட்டு, அடி சேர எத்தனை நேரம் என்று பார்ப்பார்கள். வெறும் வாயுவில் சட்டென்று விழும் உருளை, பிட்ஸ்பர்க் பாகில் ஆற அமர இறங்கியது.

ஃப்ளோரின் போட்ட முட்டுக்கட்டை

ஆய்வகம் கொண்டாடியதை எண்ணெய் வயல் ஏற்கவில்லை. முதல் தடை விலை. ஒரு டன் வாயுவில் 1 சதவீதம் என்றால் 10 கிலோ பாலிமர். கிலோ 10 டாலர் என்று மலிவாகவே வைத்துக்கொண்டாலும் 100 டாலர். பெர்மியன் படுகையில் கரியமில வாயு நெடுங்காலம் டன்னுக்கு 20 முதல் 40 டாலர் கணக்கில் விற்றுவந்தது. குதிரை விலையைவிடச் சேணத்தின் விலை அதிகம். ஃப்ளோரின் பாலிமர் அந்த மலிவு விலைக்கும் கிடைக்காது.

அடுத்த தடை இன்னும் பெரியது. எட்டு கார்பன் நீளமுள்ள ஃப்ளோரின் சங்கிலிகள் சிதைந்தால் மிஞ்சும் பொருள்கள் மண்ணிலும் நீரிலும் மக்குவதில்லை. மனித ரத்தத்தில் தங்குகின்றன. நிலைத்து நிற்கும் நச்சுகளைத் தடுப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, இந்தக் குடும்பத்தின் ஒரு பொருளை 2009லும் இன்னொன்றை 2019லும் தன் பட்டியலில் சேர்த்தது. ஆறு கார்பன் சங்கிலிக்கு மாறிக்கொண்டால் தப்பலாம் என்று நினைத்தவர்களுக்கும் நிம்மதி நீடிக்கவில்லை. அதிலிருந்து கிடைக்கும் அமிலத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் கட்டுப்பாடு விதித்தது. நிலத்தடி நீர் ஓடும் பூமிக்குள் இதை டன் கணக்கில் இறக்குவதற்கு அனுமதி கேட்கும் துணிச்சல் யாருக்கு வரும்?

மூன்றாவது தடையைப் பாறையே வைத்தது. பிட்ஸ்பர்க் குழு 2020ல் வெளியிட்ட ஆய்வில், ஃப்ளோரோஅக்ரிலேட் பாலிமர் மணற்கல்லின் மேல் படிந்து வழியை அடைப்பது தெரிந்தது. வாயு குறுக்கே ஓடும் வழிகளை வேண்டுமென்றே அடைக்க இது உதவலாம். வயல் முழுக்கக் கெட்டியான வாயுவை நடத்திச் செல்ல உதவாது.

ஃப்ளோரினைக் கழற்றிவிட முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2000லேயே பெக்மனின் குழு, ஃப்ளோரின் இல்லாத ஈதர் கார்பனேட் பாலிமர்களும் இந்த வாயுவில் நன்றாகக் கரையும் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதியது. அவை கரைந்தன, கெட்டியாக்கவில்லை. ஃபெவிகால் வகைப் பசைகளின் அடிப்படையான பாலிவினைல் அசிடேட்டும் கரைகிறது. ஆனால் எண்ணெய் வயலில் இருப்பதைவிட மிக அதிகமான அழுத்தம் கேட்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஈஸ்டோவின் குழு, சோப்பு மூலக்கூறுகளைக் குச்சி குச்சியாகத் திரளச் செய்து வாயுவைக் கெட்டியாக்கியது. 2010ல் வெளியான அந்த வெற்றி, மடங்குக் கணக்கை எட்டாமல் சதவீதக் கணக்கோடு நின்றது; அங்கும் ஃப்ளோரின்தான் துணை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் பிட்ஸ்பர்க்குடன் சேர்ந்து சிலிக்கோனின் நுனிகளில் வளையங்களைப் பொருத்தியது; மறுபடியும் துணைக் கரைப்பான் கேட்டது.

அமெரிக்க எரிசக்தித் துறைக்காக எனிக்கும் டேவிட் ஓல்சனும் நாற்பதாண்டு ஆராய்ச்சியைத் தொகுத்து 2012ல் அளித்த அறிக்கை பூசி மெழுகவில்லை. கட்டுப்படியாகும் விலையில், துணைக் கரைப்பான் இல்லாமல், வயலின் அழுத்தத்தில் வேலை செய்யும் கெட்டியாக்கி இன்னும் அகப்படவில்லை என்பதே அதன் சாரம். அதன்பின் நம்பிக்கை தரும் ஒரு கிளை, ஹைட்ரோகார்பன்களையே பயன்படுத்துவது. அப்பாஸ் ஃபிரூசாபாதியின் குழு 2020களில் சோதித்துவரும் டெசீன் வகைக் கிளைச் சங்கிலிகளில் ஃப்ளோரின் கிடையாது. விலையும் எட்டாத உயரத்தில் இல்லை. கெட்டியாவது சில மடங்குதான். ஆனால் விரல்களை மழுக்க நூறு மடங்கு தேவையில்லை. சில மடங்கும் பலன் தரும் என்பது இவர்கள் வாதம்.

எண்ணெய்க்கா, புதைப்பதற்கா?

வாயுவைக் கெட்டியாக்கினால் யாருக்கு லாபம் என்ற கேள்வியும் சூடுபிடித்திருக்கிறது. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய 430 கிலோ கரியமில வாயு வெளிவரும். கரியமில வாயுவைப் புதைத்து அதைவிட அதிகம் கரியமில வாயுவைத் தரும் எண்ணெயை எடுப்பது என்ன சுற்றுச்சூழல் சேவை என்று கேட்பவர்கள் உண்டு. அதிலும் மெக்கெல்மோ டோம் போன்ற இடங்களிலிருந்து, பூமிக்கடியில் பத்திரமாக இருந்த வாயுவையே எடுத்து வருவதில் காற்றுக்கு எந்த நன்மையும் இல்லை. தொழிற்சாலைப் புகையிலிருந்து பிடித்த வாயுவாக இருந்தால் மட்டுமே கணக்கு மாறும்.

எண்ணெயே இல்லாத இடத்திலும் கெட்டியாக்கி தேவைப்படலாம் என்பது இன்னொரு பக்கம். நார்வே 1996லிருந்து வடகடலுக்கு அடியில், ஸ்லைப்னர் என்ற இடத்தில், உப்புநீர் நிறைந்த மணற்கல்லுக்குள் கரியமில வாயுவைப் புதைத்து வருகிறது. அங்கே எடுத்த நில அதிர்வுப் படங்கள், வாயு மேலே ஏறி மெல்லிய ஏடுகளாகப் பரவியிருப்பதைக் காட்டின. அதே நீர்த்த குணம், அதே ஓட்டம். பாறையின் துளைகளில் ஒரு பங்குதான் நிரம்புகிறது. வாயு கொஞ்சம் கெட்டியாக இருந்தால் அதே பாறையில் கூடுதலாகப் புதைக்கலாம். தேடலுக்கு எண்ணெய்க் கம்பெனிகள் மட்டுமே எஜமானர்களாக இருந்த காலம் இதனால் மாறக்கூடும்.

இந்தியாவில் முதலடி குஜராத்தில் வைக்கப்பட்டது. வடோதரா அருகே உள்ள கோயலி சுத்திகரிப்பு ஆலையின் கரியமில வாயுவைப் பிடித்து, பரூச் மாவட்டத்தின் காந்தார் எண்ணெய் வயலில் இறக்குவதற்காக, இந்தியன் ஆயில் நிறுவனமும் ஓ.என்.ஜி.சி.யும் 2019 ஜூலையில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்துவது பற்றி நிதி ஆயோக் 2022ல் வெளியிட்ட அறிக்கையும் பழைய எண்ணெய் வயல்களை ஒரு வழியாகக் குறிப்பிட்டது. 2070க்குள் கரியமில வாயுக் கணக்கை நிகரப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதாக 2021ல் கிளாஸ்கோ மாநாட்டில் உறுதியளித்த நாட்டுக்கு இந்த வழி கவர்ச்சியானதுதான்.

ஆனால் இங்கே வாயு இலவசமாகக் கிடைக்காது. புகையிலிருந்து பிரித்து, சுத்தம் செய்து, அழுத்தி, குழாயில் அனுப்பிய பிறகு அதன் விலை டெக்சாஸின் இயற்கை வாயுவைவிட அதிகமாகவே இருக்கும். அப்படி வாங்கிய வாயு எண்ணெயைத் தொடாமல் குறுக்கு வழியில் ஓடிவந்தால், ஒவ்வொரு டன்னும் கையைக் கடிக்கும். வாயுவின் விலை ஏற ஏற, அதைக் கெட்டியாக்கக் கொஞ்சம் செலவழிப்பதும் கட்டுப்படியாகத் தொடங்கும். அதுவரை தண்ணீரும் வாயுவும் மாற்றி மாற்றி இறக்குவதுதான் கைவசம் உள்ள வைத்தியம்.

பாலிமர் கரைத்த தண்ணீரை மங்களாவில் இறக்கிப் பழகிய பொறியாளர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். மலிவான மூலக்கூறுகளை வடிவமைக்கக்கூடிய வேதியியல் கூடங்களும் இருக்கின்றன. தேவையின் பட்டியல் சிறியது: ஃப்ளோரின் கூடாது, துணைக் கரைப்பான் கூடாது, பாறையில் ஒட்டக் கூடாது, ஒரு சதவீதத்துக்குள் வேலை முடிய வேண்டும். இந்த நான்கையும் ஒருசேர நிறைவேற்றும் ஒரு பொருளுக்காகத்தான் டெக்சாஸிலும் நார்வேயிலும் காந்தாரிலும் இடம் காலியாக இருக்கிறது.